குடிக்காதவர்களின் ரத்தம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மீன் என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டோம். அப்படியொரு விதி கிடையாது. புரொபசர் சைவம், வைதேகி சைவம், அவ்வளவுதான். மதியமானால் அவர்கள் இருவரும் அலமாரிக்குப் பக்கத்து மேஜையில் தயிர்சாதத்தைத் திறப்பார்கள். நான் என் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பின்வராந்தாவுக்குப் போய்விடுவேன். பாறசாலையிலிருந்து தினமும் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வருகிறவள் நான். என் பாக்ஸில் பெரும்பாலும் சாளைக் கறி இருக்கும். மற்ற ஊர்களில் அதை மத்தி என்பார்கள். எழுந்து போ என்று யாரும் சொன்னதில்லை. நானாகப் போனேன், அவர்களும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். இப்படி ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக் காட்டியே ஒரு பெரிய முட்டாள்தனத்தைச் செய்து முடித்தோம்.

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். மெஷினைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் ஓட்டிய மெஷினை இன்று பார்த்தால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் மெஷின் எவ்வளவு புதிதானாலும் அதற்குள் ஊற்றுகிற ரத்தம் யாருடையது என்று அது கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. அரசாங்கம் சாராயக் கடைகளை மூடியிருந்தது. ஊர் முழுக்கக் குடியைப் பற்றியே பேச்சு. குடிக்கிறவர்களும் அதையேதான் பேசினார்கள், கள்ளுக்கடையில் உட்கார்ந்து. எங்களுக்கு அதில் வேறொரு கேள்வி இருந்தது. வருடக்கணக்காகக் குடித்தால் மூளையிலுள்ள கொழுப்புக்கு என்ன ஆகிறது?

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் புரியட்டும். மூளையில் தண்ணீரைக் கழித்துவிட்டால் மிச்சத்தில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதில் டி.எச்.ஏ. என்றொரு நீளமான கொழுப்பு அமிலம் இருக்கிறது. நரம்பணுக்களின் சவ்வு வளைந்து கொடுத்து வேலை செய்வதற்கு அது வேண்டும். மீன் தின்றால் நேராகக் கிடைக்கும். தின்னாதவர்களுக்குக் கல்லீரல் மற்ற எண்ணெய்களிலிருந்து சிறுகச் சிறுகச் செய்து கொடுக்கும். நீண்டநாள் குடி அந்தத் தயாரிப்பையும் கெடுக்கிறது, இருக்கிற சேமிப்பையும் அழிக்கிறது என்று எலிகளிடம் பார்த்திருந்தோம். அப்படிக் குறையும்போது மூளை சும்மா இருப்பதில்லை. அதே நீளத்தில் வேறொரு அமிலத்தை அந்த இடத்தில் வைத்து ஒப்பேற்றுகிறது. பட்டன் அறுந்த சட்டைக்கு ஊக்கு குத்திக்கொள்கிற மாதிரி. எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் மூளை ஊக்கைத் தேடிப் பிடித்துக் குத்திக்கொள்கிறதே!

எலியின் மூளையை எடுத்துப் பார்க்கலாம். உயிரோடிருக்கிற மனிதரிடம் ரத்தம்தான் கேட்க முடியும். சிவப்பணுக்களின் சவ்வில் உள்ள கொழுப்பைப் பிரித்தால் மூளையைப் பற்றி ஓரளவு ஊகிக்கலாம். ஓரளவுதான். அதற்கு மேல் சொல்கிறவனை நம்பாதீர்கள்.

குடிப்பவர்களின் ரத்தம் எளிதாகக் கிடைத்தது. ஆஸ்பத்திரியின் குடிநோய் வார்டில் இருந்தவர்கள் ஒப்புக்கொண்டு கொடுத்தார்கள். குடிக்காதவர்களின் ரத்தத்துக்குத்தான் திண்டாட்டம். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதில், வாழ்நாளில் குடியைத் தொடாத ஆண்கள் வேண்டும். கண்ட்ரோல் என்று நாம் சொல்வது அவர்களைத்தான். கேட்ட இடத்திலெல்லாம் விசேஷத்துக்கு மட்டும், ஓணத்துக்கு மட்டும் என்று ஆளாளுக்கு ஒரு மட்டும் வைத்திருந்தார்கள். அப்போது வைதேகி சொன்னாள், தன் தெருவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள் என்று. அவள் எங்களிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவள். ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்துப் பெண். அவளுடைய மாமாக்கள், சித்தப்பாக்கள், அடுத்த வீட்டு வங்கிக் குமாஸ்தா, கோயில் மடப்பள்ளிக்காரர்கள் என்று வரிசையாக வந்து கை நீட்டினார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் அப்படியே வந்தார்கள். ஏகாதசி விரதம் இருந்து பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டா? இவ்வளவு ஒழுங்கான கண்ட்ரோல் இந்தியாவிலேயே கிடைக்காது என்று புரொபசர் பூரித்துப்போனார்.

முடிவு வந்தது. குடிப்பவர்களின் ரத்தத்தில் டி.எச்.ஏ. குறைவாக இருக்கும் என்று காத்திருந்தோம். குடிக்காதவர்களைவிட அதிகமாக இருந்தது.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதிகம். புரொபசருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதிர்பாராத முடிவு என்றால் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஒரு மயக்கம். மனிதக் கல்லீரல் எலியைப் போல இல்லை, அது மதுவை எதிர்த்து நின்று அதிகம் தயாரிக்கிறது என்று அன்று மாலையே ஒரு விளக்கம் செய்துவிட்டார். சுருக்கத்தை எழுதி மாநாட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது. வைதேகியின் ஆய்வுக்கு அதுதான் தலைப்புச் செய்தி. அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் தங்கராஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொன்முடி தேயிலை எஸ்டேட்டில் ஃபாக்டரி வேலை. நாற்பதைத் தாண்டியவர். வாலிபத்திலிருந்து குடி. ஒருநாள் வேலையில் ஏதோ யோசனையாக நின்றவருக்குத் தன் பெயரே கொஞ்ச நேரம் நினைவுக்கு வரவில்லையாம். அந்தப் பயத்தில் தானாக வந்து வார்டில் சேர்ந்தவர். வார்டில் தமிழ் பேச ஆள் இல்லாததால் என்னையும் வைதேகியையும் கண்டால் விட மாட்டார். என் ரத்தத்தை எங்கே கொண்டு போகிறீர்கள், எதில் ஊற்றுகிறீர்கள், கொழுப்பு என்றால் நெய் மாதிரி இருக்குமா என்று கேள்வியாகக் கேட்பார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. உங்களில் சிலரைவிட நல்ல கேள்விகள் கேட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முடிவு வந்த கையோடு வைதேகி வார்டுக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டாள். உங்களை மாதிரி ஆட்களுக்கு மூளைக்கு வேண்டிய கொழுப்பு எங்கள் ஆட்களைவிட ஜாஸ்தியாகத்தான் இருக்கிறது என்று. நல்ல மனசோடுதான் சொன்னாள். பயந்துகிடக்கிற மனுஷனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. தங்கராஜ் சிரித்த முகத்தோடு டிஸ்சார்ஜ் ஆகிப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மதியம். நான் பின்வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனம் அந்த முடிவிலேயே நின்றது. எதனால் கூடும்? கல்லீரலா? வேறு ஏதாவது நொதியா? யோசித்துக்கொண்டே சாளையின் முள்ளை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. நம்ப மாட்டீர்கள், கையில் மீனை வைத்துக்கொண்டு நான் கல்லீரலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கள்ளுக்கடையில் என்ன கொடுப்பார்கள்? மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். வார்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் கடலோரத்து ஆட்கள், குடிக்கும்போதும் மீன், குடிக்காதபோதும் மீன். எங்கள் கண்ட்ரோல்களோ, வாழ்நாளில் குடியை மட்டுமா தொடவில்லை? நாங்கள் குடியைக் குடியின்மையோடு ஒப்பிடவே இல்லை. மீன் தின்றவர்களை மீன் தின்னாதவர்களோடு ஒப்பிட்டிருந்தோம். டி.எச்.ஏ. மீனிலிருந்து வருகிறது என்று கட்டுரையின் முதல் பக்கத்தில் நாங்களே எழுதியிருந்தோம், அதுதான் கொடுமை. நேர்காணல் கேள்விகளில் புகை உண்டு, மருந்து உண்டு, தூக்கம்கூட உண்டு. மீன் இல்லை. அந்தக் கேள்வியைத் தன் மாமாக்களிடம் கேட்க வைதேகிக்குக் கூச்சம். அவளிடம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சம்.

கை கழுவாமலே உள்ளே ஓடினேன். மீன் வாசத்தோடு அந்த மேஜைக்குப் பக்கத்தில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. விஷயத்தைச் சொன்னேன். வைதேகிக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. அவள் முதலில் தன் ஆய்வைப் பற்றிச் சொல்லவில்லை.

“அக்கா, நான் தங்கராஜ்ட்ட சொல்லிட்டேனே,” என்றாள்.

வார்டுக்குப் போய் விசாரித்தோம். நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்: மூளைக்கு ஒன்றும் ஆகவில்லையாம் என்று கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாராம். சம்பளத்தன்று கூட்டாளிகளோடு கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னாராம். கொஞ்சமாக என்று ஆரம்பித்து அதோடு நிற்கிறவர் அந்த வார்டுக்கு வந்திருக்கவே மாட்டார். எஸ்டேட்டில் சம்பளம் என்றைக்கு என்று கேட்டோம். மறுநாள்.

திரும்பி வந்து அச்சுத்தாள்களில் தங்கராஜின் எண்ணைத் தேடி எடுத்தேன். சராசரியைப் பார்த்துப் பார்த்து ஆளைப் பார்க்காமல் விட்டிருந்தோம். வார்டிலேயே மிகக் குறைந்த டி.எச்.ஏ. அவருடையது. ஊக்கு என்று சொன்னேனே, அந்த மாற்று அமிலம் அவரிடம் எல்லாரையும்விட அதிகம். அந்த மனிதரிடம்தான் உங்கள் மூளைக் கொழுப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தோம்.

புரொபசர் நியாயமானவர். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று உடனே சொல்லிவிட்டார். ஆனால் நாங்கள் நேரில் போய்த் தங்கராஜிடம் தப்பைச் சொல்வதற்கு ஒப்பவில்லை. உன் கையில் இருப்பதும் ஊகம்தான், ஒரு தவறான சேதியை எடுத்துவிட்டு அரைகுறைச் சேதியை வைக்காதே, புதிய கண்ட்ரோல்களை எடுத்து உறுதி செய்த பிறகு சொல் என்று மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். ஆய்வாளராக அவர் சொன்னது சரி. உறுதி செய்ய மாதக்கணக்காகும். சம்பளம் நாளைக்கு. தப்பு என்று தெரிந்த ஒன்றை வாபஸ் வாங்க எனக்குப் புதிய உண்மை எதற்கு? முன்பு சொன்னது தப்பு, சரி என்னவென்று தெரியாது என்று சொன்னால் போதாதா? நாளை லீவு என்று எழுதிக் கொடுத்தேன். வைதேகியும் எழுதிக் கொடுத்தாள்.

காலையில் தம்பானூரில் பஸ் பிடித்தோம். பொன்முடிக்கு இருப்பதே சில பஸ்கள்தான். கொண்டைஊசி வளைவுகள் முழுக்க வைதேகி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள். மேலே பனிமூட்டம். எஸ்டேட் லைன் வீடுகளில் விசாரித்துத் தங்கராஜின் வீட்டுக்குப் போனபோது அவர் ஃபாக்டரியில் இருந்தார், மதியச் சாப்பாட்டுக்கு வருவார் என்றார்கள். அவருடைய மனைவி பேச்சியம்மாள் எங்களை உட்கார வைத்துப் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. மூளை நன்றாக இருக்கிறதென்று டவுனில் சொன்னது நீங்கள்தானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றோம். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

தங்கராஜ் வந்தார். எங்களைக் கண்டதும் சந்தோஷம். சம்பளம் வாங்கியாகிவிட்டது. வாசலில் இரண்டு கூட்டாளிகள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று போனார்கள். நான் சுற்றிவளைக்காமல் சொன்னேன். எங்கள் கணக்கு தப்பு. யாரோடு யாரை ஒப்பிட வேண்டும் என்று தெரியாமல் ஒப்பிட்டுவிட்டோம். வைதேகி தன் தெருக்காரர்களின் கதையை மறைக்காமல் சொன்னாள். மாமாக்களின் ரத்தத்தைச் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தங்கராஜின் சொந்த அளவைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. குடிக்கும்போது என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சாப்பிடுவதில்லை, வெறும் வயிற்றில்தான் என்றார். மீன்? இந்த மலைக்கு மீன் எங்கே வருகிறது, விதுராவுக்கு இறங்கினால்தான் உண்டு, யார் இறங்குவது என்றார்.

பிறகு, வார்டில் கேட்பாரே, அதே மாதிரிக் கேட்டார்.

“அப்போ எனக்குக் கொறஞ்சது குடியாலயா டீச்சர், மீன் திங்காததாலயா?”

இந்த ஊரில் படித்த பெண் யாரானாலும் டீச்சர்தான். குடியால்தான் என்று சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் யார் என்னைக் கேட்டிருப்பார்கள்? நல்லதுக்குத்தானே? ஆனால் நல்லதுக்கென்று சொன்ன சேதியைத் திரும்ப வாங்கத்தான் மலையேறி வந்திருக்கிறோம். இன்னொன்றைக் கொடுத்துவிட்டு இறங்குவதா?

“தெரியாது தங்கராஜ்,” என்றேன்.

அடுப்படியிலிருந்து பேச்சியம்மாள் வெளியே வந்தார். “தெரியாதுன்னு சொல்லவா ரெண்டு பேரும் இவ்வளவு தூரம் வந்தீங்க?”

அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது, அவமானமாக இருந்தது. ஆனால் தங்கராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. தெரியாது என்ற சொல் அவரை எங்கேயோ தொட்டுவிட்டது. எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். வைதேகி உற்சாகமாக ஆரம்பித்துவிட்டாள். இரண்டு காரணம் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதை அப்படியே விட்டுவிட வேண்டும், சில மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். பாடம் பிரமாதம். அதில்தான் ஆபத்தும் இருந்தது. இரண்டு வழி என்றால் ஒரு வழி இதுதானே: மீனைச் சேர்த்துக்கொள், குடியை அப்படியே விட்டுவிடு. சட்டைப்பையில் சம்பளத்தோடு இருக்கிற ஒரு குடிகாரரிடம், ஆய்வுக்காக நீ குடிக்கலாம் என்று சொல்லாமல் சொல்லியிருந்தாள் இந்தப் பெண். அவளுடைய காலை மிதித்தேன். அவள் என்ன அக்கா என்று என்னையே கேட்டாள்.

தங்கராஜ் யோசித்தார். அவர் யோசித்த நேரம் முழுவதும் பேச்சியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும்தான்.

“மீன் இங்க கெடைக்கவே கெடைக்காது,” என்றார் மெதுவாக. “அதைச் சேர்த்துப் பாக்க வழியில்ல. அப்போ மத்ததத்தான் நிறுத்திப் பாக்கணும்.”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன், அதற்கு மேல் பேசினால் கெடுத்துவிடுவேனோ என்று பயம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்று சாயங்காலம் அந்தக் கூட்டாளிகள் திரும்பி வந்தார்களா, வந்தால் என்ன நடந்தது என்று தெரியாமலேதான் இறங்கினோம்.

வைதேகிக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. மீன் தின்கிற, குடிக்காத ஆண்களை இம்முறை நான் கொண்டுவந்தேன், எங்கள் தேவாலயச் சபையிலிருந்து. குடியை எதிர்த்து அங்கே ஞாயிறுதோறும் பிரசங்கம் நடக்கும். வந்தவர்களில் ஒரு மூப்பரின் கல்லீரல் நொதி மட்டும் வேறு கதை சொன்னது. அவரை ஓசைப்படாமல் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன், அவரும் இன்றுவரை ஏன் என்று கேட்கவில்லை. அவர்களோடு ஒப்பிட்டபோது எலிகள் சொன்னது சரியாக வந்தது. நீண்டநாள் குடித்தவர்களிடம் டி.எச்.ஏ. குறைந்திருந்தது, ஊக்கு கூடியிருந்தது. சாப்பிடாமல் குடித்தவர்களிடம் மிகவும் மோசம். பெரிய செய்தி ஒன்றுமில்லை. யாரும் கைதட்டவில்லை. வைதேகிக்குப் பட்டம் கிடைத்தது. நேர்காணல் கேள்விகளில் மீன் முதல் கேள்வியாயிற்று, நானும் பின்வராந்தாவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். புரொபசர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்.

இந்த முடிவெல்லாம் வருவதற்கு வெகு முன்பே, நாங்கள் பொன்முடி போய் வந்து சில மாதங்களில், ஒரு காலையில் தங்கராஜ் ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றார். பேச்சியம்மாளும் வந்திருந்தார். தங்கராஜுக்கு உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. உட்காருவதற்கு முன்பே சட்டைக் கையை மடித்துவிட்டார். ஏறியிருக்கிறதா என்று உடனே தெரிந்தாக வேண்டும் அவருக்கு. உடனே தெரியாது, மெஷின் மெதுவாகத்தான் ஓடும் என்றேன். எவ்வளவு நேரமானாலும் இருந்து பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார். வைதேகி ரத்தம் எடுத்தாள்.

எடுத்து முடித்ததும் பேச்சியம்மாள் அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

“குடிக்காத ஆளு ரத்தம் வேணும்னு அன்னைக்குச் சொன்னீங்கல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே சோறுதான், என்னுதையும் எடுத்துப் பக்கத்துல வச்சுக்கோங்க. இவரு இனிமே எப்போ தொட்டாலும் எனக்குத் தெரியணும்.”